சீக்கு மண்

ஷ்யாமளாவுக்கு மூன்று வருஷமாக ஒரே வேலை. சீக்கு மண்ணில் நாற்று நட வேண்டும். ஆறு வாரம் கழித்துப் பிடுங்க வேண்டும். வேரை வாளித் தண்ணீரில் அலசி, எத்தனை முடிச்சு என்று எண்ணி, ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போட வேண்டும். முடிச்சே இல்லாவிட்டால் ஒன்று. வேர் முழுக்கப் பாசிமணி கோத்ததுபோல் இருந்தால் ஐந்து. அவள் நோட்டில் முக்கால்வாசி ஐந்துதான்.

மாட்டுங்காவில் எட்டேகால் பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பதுக்குச் செம்பூர் பண்ணைக்குப் போய்ச் சேரலாம். பண்ணையின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையும் அதற்கு முன்னால் சட்டிகள் வரிசை வைக்க ஒரு சிமெண்டுத் தளமும் அவளுடைய திட்டத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலு ஏப்ரலில் ஆரம்பித்த திட்டம். மூன்று வருஷம். அறுபத்தேழு மார்ச் முப்பத்தொன்றோடு முடிந்துவிடும், டில்லி மனது வைத்து நீட்டிக்காவிட்டால். அவளுடைய உத்தியோகமும் அதே தேதியோடு முடியும். எம்.எஸ்ஸி. படித்தவள், இருபத்தொன்பது வயது. பண்ணையில் எல்லாரும் மிஸ் ஷ்யாமளா என்பார்கள்.

திட்டம் இதுதான். கத்தரிக்கு ஒரு நோய் உண்டு. மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு வேருக்குள் புகுந்து குடியிருக்கும். வேர் முடிச்சு முடிச்சாக வீங்கும். தண்ணீர் ஊற்ற ஊற்றச் செடி தாகத்தில் நிற்பதுபோல் வாடும், மஞ்சளிக்கும், காய்க்காது. தோட்டத்துக் கத்தரி எதுவும் அந்தப் புழுவைத் தாங்குவதில்லை. ஆனால் வேலியோரத்திலும் மலையடிவாரத்திலும் யாரும் சீந்தாமல் நிற்கிற காட்டுக் கத்தரிகளில், அதாவது கத்தரியின் ஒதுக்கப்பட்ட சொந்தபந்தங்களில், ஏதாவது ஒன்று தாங்கலாம். அதைக் கண்டுபிடித்துத் தோட்டத்துக் கத்தரியோடு இனம் சேர்த்துவிட்டால் பிழைத்தோம்.

அறுபத்திரண்டு வகை சேர்த்தாள். கண்டங்கத்தரி, தூதுவளை, முள்ளி, பேர் தெரியாத பல. சுண்டை மட்டும் புழுவை அண்டவிடவில்லை. மாட்டுங்கா மார்க்கெட்டில் வற்றலாக விற்கிற அதே சுண்டைதான். ஆனால் அது கத்தரியோடு சேராது. நானூறு பூக்களில் மகரந்தம் தடவி ஒவ்வொன்றுக்கும் காகிதப் பை கட்டி உட்கார்ந்திருந்தாள். நானூறும் உதிர்ந்தன. டாக்டர் பிடே, திட்டத்தின் தலைவர், நல்ல மனுஷர், அதிகம் பேசாதவர், உதிர்ந்த பைகளைப் பார்த்துவிட்டு வேறே ஏதாவது பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

சீக்கு மண் வந்தது ஹபீபாவிடமிருந்து. சுனாபட்டியில் ரயில் பாதைக்குப் பக்கத்தில், சாக்கடை வாய்க்கால் தண்ணீரைப் பாய்ச்சிக் கீரையும் கத்தரியும் போடுகிற துண்டு நிலம் அவளுக்கு. மேலப்பாளையத்துக்காரி. புருஷன் போனபிறகு அந்த நிலம்தான் சோறு. புழு பிடித்த நிலம் அது. திட்டத்துத் தோட்டக்காரர் வெயிலுமுத்து தாராவியில் குடியிருந்தார். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்து வந்தவர். அவர்தான் அவளைத் தெரிந்துவைத்து அழைத்துக்கொண்டு போனார். மூன்று வருஷமும் அந்த நிலத்தின் ஒரு மூலையிலிருந்து கூடை கூடையாக மண்ணெடுத்தார்கள். ஹபீபா ஒரு பைசா கேட்கவில்லை. தாங்குகிற விதை கிடைத்தால் முதல் பிடி எனக்கு என்று மட்டும் சொன்னாள். சரி என்று ஷ்யாமளா தலையாட்டினாள். அவளை ஹபீபா டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவாள். நான் டாக்டர் இல்லை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டாள்.

சேர்த்த வகைகளில் நாற்பத்தொன்றாம் எண், டோம்பிவிலிக்கு அப்பால் ஒரு குன்றடியில் கிடைத்தது. முழங்கால் உயரம், இலையெல்லாம் முள், கோலிக்குண்டு அளவு காய். பாதி பூச்சி தின்ற ஒரே பழம்தான் அகப்பட்டது. அதில் ஒன்பது விதை. மூன்று முளைத்தன. போன ஜூலையில் அந்த மூன்றையும் வெயிலுமுத்துவிடம் ஒப்படைத்து, இந்த மூன்றுதான் இருக்கு, பெத்த குழந்தை மாதிரி பார்த்துக்கோங்கோ என்று சொன்னாள்.

ஆகஸ்ட் கடைசியில் பிடுங்கி அலசினாள். பக்கத்துச் சட்டிகளில் சோதனைக்காக வைத்த தோட்டத்துக் கத்தரி வேரெல்லாம் பாசிமணி. நாற்பத்தொன்றின் வேர் மூன்றும் வெள்ளை வெளேரென்று, புதுத் தேங்காய் நார் மாதிரி. ஷ்யாமளா மறுபடியும் அலசினாள். லென்ஸ் வைத்துப் பார்த்தாள். நோட்டில் மூன்றுக்கும் ஒன்று போட்டுவிட்டு, பேனா மூடியைப் போட மறந்து புடவையில் மைக்கறை ஆக்கிக்கொண்டாள். அந்தக் கறையை அவள் அப்புறம் போக்கவே முயலவில்லை.

அந்தச் செடிகளைச் சுத்த மண்ணில் மாற்றி நட்டாள். நவம்பரில் பழுத்தது. இந்த வகை கத்தரியோடு சேரும் என்பதும் தெரிந்தது. கட்டிய பைகளில் பாதிக்குமேல் காய் நின்றது. மூன்று செடியை வைத்துச் சொல்லிவிடக் கூடாது, இருபது செடி வைத்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் சொன்னாள். பாருங்கள், தாராளமாகப் பாருங்கள் என்றார். ஆனால் டில்லியில் ஜனவரியில் கமிட்டி கூடுகிறது, நீட்டிப்பு வேண்டுமானால் இப்போதே எழுதியாக வேண்டும் என்று டிசம்பர் கடைசியில் அறிக்கையை அனுப்பிவிட்டார். அதில் தாங்கும் காட்டுக் கத்தரி கண்டுபிடிக்கப்பட்டது என்று தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது.

ஜனவரி ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, இரண்டாம் சோதனைக்குச் சட்டி நிரப்பினார்கள். நாற்பத்தொன்றுக்கு இருபது, தோட்டத்துக் கத்தரிக்கு இருபது. போன தடவை எப்படிச் செய்தோமோ அப்படியே செய்ய வேண்டும், ஒரு இம்மி மாறப்படாது என்று வெயிலுமுத்துவிடம் சொல்லிவிட்டுச் சீட்டு எழுதக் கொட்டகைக்குள் போனாள். திரும்பி வரும்போது முதலில் வாசனைதான் எட்டியது. கசப்பான, மூக்கின் அடியில் உட்காருகிற வாசனை. வெயிலுமுத்து ஒரு சின்னச் சாக்குப் பையைப் பிரித்து, கரும்பழுப்பாக எதையோ உதிர்த்துச் சட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அது?"

"வேப்பம் புண்ணாக்கும்மா. எங்க தெருப் பக்கத்துல சோப்புக்கு எண்ணெய் ஆட்டுதாக, அங்க வாங்குனது."

"எதுக்குப் போடறேள்?"

"போன தடவ மாதிரியேன்னு சொன்னியள்லா? நாப்பத்தொண்ணுக்கு மட்டும் சட்டிக்கு ஒரு பிடி. மத்ததுக்குப் போடல."

ஷ்யாமளா கவிழ்த்து வைத்திருந்த ஒரு சட்டியின்மேல் உட்கார்ந்தாள். வெயிலுமுத்து ஒன்றையும் மறைக்கவில்லை; மறைக்க ஒன்றும் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. மூன்று நாற்றும் சோகை பிடித்த மாதிரி வெளிறி இருந்தனவாம். பெத்த குழந்தை மாதிரி என்று அம்மாவே சொன்னார்களாம். கொடிக்காலில் வெற்றிலைக்கு இதை வைக்காமல் இருப்பார்களா? மெலிந்த பிள்ளைக்கு ஒரு கை சோறு கூடுதலாகப் போடுவதுபோலத்தான். தடித்த பிள்ளைகளுக்கு எதற்கு?

அவளுக்குத் தெரியும், வேப்பம் புண்ணாக்கு இருந்தால் புழு அண்டாது என்று. பண்ணையிலேயே யாரோ அதைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறாள். மூன்று வெள்ளை வேரும் கண்முன் வந்து நின்றன. அது நாற்பத்தொன்றின் குணமா, இந்த ஒரு பிடியின் குணமா? யாராலும் இப்போது சொல்ல முடியாது.

மெதுவாக எடுத்துச் சொன்னாள். வெயிலுமுத்து கையில் ஒட்டியிருந்ததைத் தட்டிவிடாமல் கேட்டுக்கொண்டு நின்றார். எல்லாம் புரிந்தபிறகு கொஞ்ச நேரம் சட்டிகளையே பார்த்தார். அவருக்கும் மார்ச் முப்பத்தொன்றுதான் கடைசித் தேதி.

"அப்போ இந்தத் தடவையும் போட்டுட்டா, வேரு வெள்ளையாத்தான இருக்கும்?"

"இருக்கும்."

"நாம ரெண்டு பேருந்தான இங்க இருக்கோம்."

அவர் சூதாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார். ஷ்யாமளாவுக்கு அதை அதட்டி மறுக்கத் தெம்பு வரவில்லை. டில்லிக்குப் போன தடித்த வரி, இன்னும் இரண்டு வருஷம், ஹபீபாவுக்குத் தலையாட்டியது எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"ஹபீபா நிலத்துல போய் நட்டா அங்கே முடிச்சு விழும், வெயிலுமுத்து. அங்கே நீங்க ஒவ்வொரு செடிக்கும் பிடி போட முடியாது. சட்டியைக் கொட்டிட்டுப் புது மண் போடுங்கோ."

அவர் கொட்டினார். சாக்குப் பையைச் சுருட்டித் தன் சைக்கிளில் கட்டிக்கொண்டார்.

வீட்டில் அப்பா வேங்கடசுப்ரமணியன், ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், தின்பண்டம் எதுவும் எடுக்காமல் வெறும் காப்பி குடிக்கிற மகளைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னாள். அவர் யாரையும் திட்டவில்லை.

"ஃபைல்ல போன கடுதாசியைத் திரும்ப வாங்க முடியாதாக்கும். இன்னொரு கடுதாசி போடலாம். தேதி போட்டு, நடந்ததை நடந்தபடி."

எழுதினாள். முதல் சோதனையில் தன்னுடைய மேற்பார்வையில் சட்டி நிரப்பியதில் ஒரு பிழை நேர்ந்தது, அந்த முடிவை நம்பலாகாது என்று. வெயிலுமுத்து பேரை எழுதவில்லை. பன்னிரண்டாம் தேதி டாக்டரிடம் நேரில் கொடுத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, இரண்டாம் சோதனை முடியட்டும், நல்லபடியாக வந்தால் இதற்கு அவசியமே இருக்காது என்றார். கமிட்டி நீட்டிப்பை மார்ச்சில்தான் முடிவு செய்யுமாம். இரண்டாம் சோதனையின் முடிவை அனுப்பச் சொல்லியிருக்கிறார்களாம்.

ஆக, இருபது சட்டி. அதில்தான் எல்லாம்.

அந்த ஆறு வாரமும் சயான் பக்கம் தேர்தல் லாரிகள் கத்திக்கொண்டு போயின. நாற்பத்தொன்று நன்றாகத்தான் வளர்ந்தது. மூன்றாம் வாரம் தோட்டத்துக் கத்தரி மதிய வெயிலில் துவள ஆரம்பித்தபோது அது விறைத்துக்கொண்டு நின்றது. வெயிலுமுத்து காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரிசையைச் சுற்றி வருவார். பச்சையாத்தான்மா இருக்கு என்பார். இலையை நம்பக்கூடாது, காட்டுச் செடி வேர் கெட்டாலும் கொஞ்ச நாள் விறைப்பாக நிற்கும் என்று ஷ்யாமளா சொல்லவில்லை. சொன்னால் தனக்கும் கேட்டுவிடும்.

ஐந்தாம் வாரம் ஹபீபா வந்தாள், செம்பூரில் கீரை போட்டுவிட்டுத் திரும்புகிற வழியில், காலிக் கூடையோடு.

"இதுதானா எங் கத்திரி?"

"தொட்டுராதிய அக்கா, முள்ளு," என்றார் வெயிலுமுத்து.

அவள் குனிந்து இலையைக் கசக்கி மோந்தாள். பக்கத்தில் சுத்த மண்ணில் நின்ற தாய்ச்செடியில் கோலிக்குண்டுக் காயைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "இத எவ வாங்குவா? கோழிக்குத்தான் போடணும்."

இது அப்படியே இல்லை, இதன் குணத்தைப் பெரிய கத்தரிக்குள் ஏற்ற வேண்டும், சேர்த்து, திரும்பத் திரும்பச் சேர்த்து, தேறுவதற்கு ஐந்தாறு வருஷம் ஆகும் என்று ஷ்யாமளா விளக்கினாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் தலையாட்டியபோது இதைச் சொல்லியிருக்கவில்லை என்பது பேசிக்கொண்டிருக்கும்போதே உறைத்தது. ஹபீபா கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"அஞ்சாறு வருசமா? நான் இந்த மழைக்குன்னுல்லா நெனச்சேன், டாக்டரம்மா." கோபமாகச் சொல்லவில்லை. "சரி, இருக்கட்டும். நல்லா வந்தாச் சரி."

பிப்ரவரி இருபதாம் தேதி, மறுபடியும் ஒரு திங்கட்கிழமை, பிடுங்கினார்கள். முதலில் தோட்டத்துக் கத்தரி. இருபதும் ஐந்து. ஆகவே மண்ணில் புழு இருக்கிறது, சோதனை சரிதான். பிறகு நாற்பத்தொன்றின் முதல் சட்டி. வெயிலுமுத்து சட்டியைத் தட்டிக் கவிழ்த்து மண்ணுருண்டையோடு கொடுத்தார். ஷ்யாமளா வாளிக்குள் விட்டு ஆட்டினாள். மண் கரைந்து இறங்க இறங்க, கண்ணுக்கு முன்னால் கை விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. வேர் வழுவழுவென்று ஓடவில்லை. இடறியது.

தூக்கிப் பிடித்தாள். நெடுகிலும் முடிச்சு.

"நல்லா அலசிப் பாருங்கம்மா. மண்ணு ஒட்டிக்கிட்டிருக்கும்."

அலசினாள். அவருக்காகத் தண்ணீர் மாற்றி இன்னொரு தடவையும் அலசினாள். இரண்டாம் சட்டி, மூன்றாம் சட்டி. பத்துக்குமேல் வெயிலுமுத்து பேச்சை நிறுத்திவிட்டார்; சட்டியைத் தட்டுவதும் கொடுப்பதும்தான். இருபதில் பதினேழுக்கு ஐந்து. மூன்றுக்கு நாலு. அந்த மூன்றுக்கும் ஐந்தே போட்டிருக்கலாம். நாலு போட்டதற்கு அவள் மனசுதான் காரணமோ என்று பிறகு நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் சந்தேகப்பட்டாள்.

கட்டி வைத்த பைகளில் நின்ற கலப்புக் காய்களையும் அன்றைக்கே பறித்துக் குப்பைக்குழியில் போடச் சொன்னாள். வெயிலுமுத்து பறித்தார். அத்தனை நாளும் அவற்றை அணில் தின்னாமல் காத்தவர் அவர்தான்.

டாக்டர் பிடே இழுப்பறையிலிருந்து அவளுடைய ஜனவரிக் கடிதத்தை எடுத்து, இரண்டாம் முடிவையும் சேர்த்து டில்லிக்கு அனுப்பினார். ஒளிக்கவில்லை, அதுவரைக்கும் பெரிய மனுஷர். மார்ச் பதினைந்தில் பதில் வந்தது. இரண்டு வரி. திட்டத்தை நீட்டிப்பதற்கில்லை. டாக்டருக்குப் பூனாவில் இடம் இருந்தது. ஷ்யாமளாவிடம் நல்ல சான்றிதழ் எழுதித் தருகிறேன் என்றார். வெயிலுமுத்து தாராவியில் தோல் பதனிடுகிற ஒரு பட்டறையில் சொல்லிவைத்திருந்தார். உப்புத் தண்ணீரில் நிற்கிற வேலை. காலில் சேற்றுப்புண் இருக்கிறதே என்று ஷ்யாமளா கேட்டதற்கு, எங்க நின்னாலும் காலுதானம்மா என்றார்.

கடைசி வாரம் ஹபீபா மறுபடியும் வந்தாள். அவளுக்கு விஷயம் வெயிலுமுத்து சொல்லித் தெரியும். விதையைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. புண்ணாக்காவது போட்டுப் பாருங்கள் என்று ஷ்யாமளா ஆரம்பித்தாள்.

"போடாமலா இருந்தேன்? அவுக இருக்கும்போதே போட்டாச்சு. பாத்திக்கு ஒரு மூடை வேணும், ஒரு போகம் தாங்கும், மழை பேஞ்சி வடிஞ்சா பழைய கதைதான்." பிறகு, கேட்க வந்ததைக் கேட்டாள். "எடுத்த மண்ண மட்டும் திருப்பிக் குடுத்துருங்க."

மூன்று வருஷமாகக் கூடை கூடையாக அள்ளியதில் அந்த மூலை இடுப்பளவு பள்ளமாகிவிட்டதாம். போன மழைக்கே வாய்க்கால் தண்ணீர் அதில் புகுந்து தேங்கி, பக்கத்துப் பாத்திகளும் அழுகிவிட்டன. இந்த மழைக்குள் மேடாக்காவிட்டால் பாதி நிலம் போய்விடும். வேறே மண் வாங்கிக் கொட்ட அவளால் ஆகாது.

நியாயம்தான். யாருக்கும் அது அதுவரை தோன்றாததுதான் ஆச்சரியம்.

ஆனால் அந்த மண் இப்போது பழைய மண் இல்லை. சோதனைக்குச் சோதனை அதே மண்ணைத்தான் சேர்த்துக் கிளறி, கத்தரியாகக் கொடுத்துக் கொடுத்துப் புழுவை அதில் பெருக்கி வைத்திருந்தார்கள். எத்தனை புழு இருக்கிறதோ சோதனைக்கு அத்தனை நல்லது. ஆவியில் வேகவைத்தால் செத்துப்போகும். ஷ்யாமளா பாய்லர் அறைக்குப் போனாள். திட்டம் முடிந்ததால் அதற்குரிய விறகும் ஆளும் நிறுத்தியாகிவிட்டது, சாவி ஸ்டோரில் ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்றார்கள். ஒரு மனு எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தாள். முப்பத்தொன்றுவரை பதில் இல்லை.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் வெயிலுமுத்து ஒரு கைவண்டி கொண்டுவந்தார். நாலு நடை. கடைசி நடைக்கு ஷ்யாமளாவும் கூடவே நடந்தாள். சுனாபட்டியில் ரயில் பாதையோரம் ஹபீபா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காத்திருந்தாள். பள்ளம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. முன்னே வந்த மூன்று வண்டி மண்ணும் அதன் ஓரத்தில் குவிந்திருந்தது. வெயிலுமுத்து கொட்டாமல் வைத்திருந்தார்; அம்மா வந்து சொல்லட்டும் என்று.

ஷ்யாமளா சொன்னாள். ஒன்றையும் குறைக்காமல் சொன்னாள்.

"உங்க நிலத்து மண்ணைவிட இதுல சீக்கு பத்து மடங்கு ஜாஸ்தி. நாங்கதான் வளர்த்தோம். கொட்டினா மத்த பாத்திக்கும் பரவும். நீங்க வேண்டாம்னா நான் வேற எங்கேயாவது கொண்டுபோய்ப் போட்டுடறேன்."

ஹபீபா மண்ணைக் கொஞ்சம் அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். நல்ல மண் மாதிரிதான் இருந்தது, கறுப்பாக, பொலபொலவென்று. ஒரு லோக்கல் ரயில் கடந்துபோகும்வரை காத்திருந்தாள்.

"பள்ளத்துல தண்ணி நின்னா செடி பத்து நாள்ல செத்துரும் டாக்டரம்மா. இது மெல்லத்தான கொல்லும்?" வெயிலுமுத்துவைப் பார்த்துத் திரும்பினாள். "கொட்டுங்க தம்பி."

வெயிலுமுத்து ஷ்யாமளாவின் முகத்தைப் பார்த்தார். அவள் வண்டியை விட்டு விலகி நின்றாள். அவர் வண்டியின் பின்பலகையைக் கழற்றி, கைப்பிடியைத் தூக்கினார். மண் சத்தமில்லாமல் இறங்கியது. குவியலையும் மண்வெட்டியால் தள்ளி நிரவினார். சட்டிகளில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த இரண்டு மூன்று சீட்டுகள் மண்ணோடு புரண்டன. ஒன்றில் அவளுடைய எழுத்தில் நாற்பத்தொன்று என்று இருந்தது. அதன்மேலும் மண் விழுந்தது.

ஹபீபா செருப்பைக் கழற்றிவிட்டு, நிரவிய இடத்தைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டே குறுக்கே நடந்தாள். பிறகு வாய்க்கால் ஓரத்தில் ஈரச் சாக்கால் மூடி வைத்திருந்த கத்தரி நாற்றுக் கட்டை எடுத்துவரப் போனாள்.